மக்காச்சோள வீரிய ஒட்டு: பெற்றோர் வழிகளின் மதிப்பீடு

பல தலைமுறைகள் தன் மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தித் தூய்மையாக்கிய வழிகளைத் தம்முள் கலந்து பெறும் விதையே வீரிய ஒட்டு மக்காச்சோளம். எந்த வழியை எதனுடன் கலப்பது என்ற கேள்விதான் இத்துறையின் வரலாற்றை நடத்திச் சென்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கதிர் அழகுக்குப் போட்டி வைத்தார்கள். மணிகள் நேர்வரிசையில் நுனிவரை நிறைந்த கதிரே நல்ல விதைக்கதிர் என்பது நடுவர்களின் நம்பிக்கை. அயோவாவில் பள்ளி மாணவராக இருந்த ஹென்றி வாலஸ், அழகான கதிர்களையும் அழகற்றவற்றையும் விதைத்து அளந்து, அழகு விளைச்சலைச் சொல்லாது என்று காட்டினார். 1926இல் வீரிய ஒட்டு விதைக்கெனவே ஒரு நிறுவனம் தொடங்கியவரும் இவர்தான். பின்னர் அமெரிக்கத் துணை அதிபரானார்.

தன் மகரந்தச் சேர்க்கை தொடரத் தொடரச் செடி நோஞ்சானாகிறது, இரு நோஞ்சான் வழிகளைக் கலந்தால் வீரியம் திரும்புகிறது என்பதை 1908–09இல் ஜார்ஜ் ஷல் விளக்கினார். ஆனால் நோஞ்சான் செடியில் விதை சொற்பமே கிடைத்ததால் விலை எட்டவில்லை. கனெக்டிகட்டில் டொனால்டு ஜோன்ஸ், இரு வழிகளின் நேரடிக் கலப்பான ஒற்றைக் கலப்புகள் இரண்டை மறுபடி கலக்கும் இரட்டைக் கலப்பை 1918 வாக்கில் முன்வைத்தார். விதை வீரியமான செடியில் விளைந்ததால் விலை கட்டுப்படியானது.

தடை அதன்பின் கணக்கில் வந்தது. கையில் 100 வழிகள் இருந்தால் 4,950 ஒற்றைக் கலப்புகள் சாத்தியம். இரட்டைக் கலப்புகளோ 1.17 கோடிக்கு மேல். எந்தப் பண்ணையிலும் அத்தனைக்கு இடமில்லை. 1932இல் மெர்ல் ஜென்கின்சும் ஆர்தர் பிரன்சனும் எல்லா வழிகளையும் ஒரே பொது ரகத்துடன் கலந்து சந்ததியை ஒப்பிடலாம் என்றார்கள். நூறு வழிக்கு நூறு சோதனை போதும். இரட்டைக் கலப்பின் விளைச்சலை ஒற்றைக் கலப்புகளின் சராசரியிலிருந்தே முன்கூட்டிக் கணிக்கலாம் என்று 1934இல் ஜென்கின்ஸ் காட்டினார். இத்துறையில் இதைவிடச் சிக்கனமான யோசனை குறைவு.

ஒரு வழி கலப்பில் எவ்வளவு நல்ல சந்ததி தருகிறது என்பதே அதன் இணைதிறன். 1942இல் ஆய்வாளர்கள் ஸ்ப்ரேக்கும் டேட்டமும் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு வழி எல்லாக் கலப்புகளிலும் சராசரியாகத் தருவது பொது இணைதிறன். குறிப்பிட்ட ஒரு ஜோடியில் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ வருவது தனி இணைதிறன். முன்பு சோதிக்காத வழிகளில் முதலாவதும், ஏற்கெனவே சலித்தெடுத்த வழிகளில் இரண்டாவதும் முக்கியம் என்று கண்டார்கள். எந்தச் சோதனையை எப்போது வைப்பது என்ற ஒழுங்கு இதிலிருந்து பிறந்தது.

உறுதியான தண்டுள்ள 16 வழிகளைக் கலந்து ஸ்ப்ரேக் அயோவாவில் உருவாக்கிய தொகுதியிலிருந்து 1972இல் பி73 என்ற வழி வெளிவந்தது. மிசூரியின் எம்ஓ17 வழியுடன் அது தந்த ஒற்றைக் கலப்பு பெரும் பரப்பில் விளைந்தது. தூரத்து உறவான குலங்களுக்கிடையே கலப்பதே லாபம் என்ற நடைமுறை உறுதிப்பட்டது. பெற்றோர் வழிகளே நன்கு விளையத் தொடங்கியதால் இரட்டைக் கலப்பு வழக்கொழிந்தது. இன்று மரபணுக் குறியீடுகளைக் கொண்டு, கலப்பதற்கு முன்பே பல வழிகளைக் கழித்துவிடுகிறார்கள். மிஞ்சியவற்றுக்கு வயல்சோதனை உண்டு.

இந்தியாவில் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோளத் திட்டம் 1957இல் தொடங்கியது. கங்கா 1, கங்கா 101, ரஞ்சித், டெக்கான் ஆகிய இரட்டைக் கலப்புகள் 1961இல் வந்தன. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட கோ 6, யுஎம்ஐ 1200, யுஎம்ஐ 1230 என்ற இரு வழிகளின் ஒற்றைக் கலப்பு.