மூடுபனி ஊரும் எடைக் கடிகாரமும்

தொழுகையின் வக்தை நம் முன்னோர் நிழலைக் கொண்டு அறிந்தனர். உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் உரிய அளவு நீண்டால் அஸ்ர். ஆனால் நீலகிரியின் குந்தாவில், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கதிரவனைக் காணாத நாட்கள் பல உண்டு. அத்தகைய ஊரில் சுவர்க்கடிகாரம் வெறும் அலங்காரப் பொருளன்று. வக்தைக் காக்கும் துணை.

அக்கடிகாரத்தின் வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் பங்குண்டு. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் நகரின் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் முவக்கித்தாகப் பணியாற்றினார் வானியல் அறிஞர் இப்னு ஷாதிர். உஸ்மானியப் பேரரசின் அறிஞர் தகியுத்தீன் 1559இல் எழுதிய நூலில், தொங்கும் எடையால் இயங்கும் கடிகாரங்களையும் சுருள்வில்லால் இயங்குபவற்றையும் விளக்கினார்.

செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த கடிகாரத்தை எளியோரிடம் சேர்த்ததில் அமெரிக்கருக்குப் பெரும்பங்கு உண்டு. கனெக்டிகட்டின் எலி டெர்ரி 4,000 மரப் பொறிகள் செய்ய ஒப்பந்தம் ஏற்று, 1810க்குள் முடித்தார். சைமன் வில்லார்ட் 1802இல் காப்புரிமை பெற்ற சுவர்க்கடிகாரமும், இரயில் நிலையங்களில் தொங்கிய சேத் தாமஸ் நிறுவனத்தின் இரண்டாம் எண் ரெகுலேட்டரும் எடையால் இயங்குபவை. சேகரிப்போர் இன்றும் அவற்றைத் தேடுவதற்குக் காரணமுண்டு. சுருள்வில் தளரத் தளர அதன் விசை குறையும்; எடையின் இழுவிசையோ சாவி கொடுத்த நாளிலும் எட்டாம் நாளிலும் ஒன்றே.

எனினும் கடிகாரம் மட்டுமே வக்தாகிவிடாது. 1906 முதல் நாம் பின்பற்றும் இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. குந்தா அதற்கு ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவாக மேற்கே உள்ளது. பாகைக்கு 4 நிமிடமாகக் கணக்கிட்டால், அங்கே உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 23 நிமிடத்திற்கே வரும். இக்கணக்கை அறிந்தவரிடமே கடிகாரம் முழுப்பயன் தரும்.

இன்று பள்ளிவாசல்களில் மின்னணுப் பலகைகள் நேரம் காட்டுகின்றன. அது நன்றே. ஆனால் பழைய கடிகாரத்தைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், அதை அளித்தவர் யார், எந்த ஆண்டில் என ஜமாஅத்தார் விசாரித்து எழுதி வைக்க வேண்டும். வக்ஃபாக வந்த பொருளாயின் ஆலிம்களிடம் கேட்காமல் விற்பது தகாது. சேகரிப்போரும் இதைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும். பள்ளிக்கு நேரம் காட்டட்டும் என்று ஒருவர் அளித்த ஸதகா அது. அந்த நன்மையின் நினைவை அழியாமல் காப்பது நம் பொறுப்பு.