பட்டாளக் கொட்டகையும் ஆலைத் தளமும்

நடுவில் சுவரில்லாத ஒரே பெரிய கூடத்தில் எப்படி வாழ்வது என்று கேட்டால் வீட்டு அலங்காரப் பத்திரிகைகள் உடனே நியூயார்க்கின் சோஹோவைக் காட்டும். உயர்ந்த கூரை, இரும்புத் தூண், தோல் சோபா. கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்பே அப்படிக் குடியேறியவர்கள் உண்டு. அவர்களிடம் சோபா கிடையாது. தகரப் பெட்டி இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜாதவ்பூரில் ராணுவ முகாம் ஒன்று இருந்தது. போர் முடிந்ததும் அதன் நீண்ட கொட்டகைகள் காலியாகக் கிடந்தன. 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் அவற்றில் இடம் பிடித்தன. அதுதான் பிஜோய்கர் காலனி. அதையொட்டி ஆசாத்கர், நேதாஜி நகர் என்று மற்ற காலனிகளும் கிளம்பின. அங்கே கொட்டகை கிடைக்கவில்லை. இரவோடு இரவாகக் குடிசை போட்டு, விடியும்போது ‘இது எங்கள் வீடு’ என்று நின்றார்கள்.

சோஹோவின் கதை 1960களில் தொடங்குகிறது. ஆலைகள் காலிசெய்த மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். வாடகை குறைவு, வெளிச்சம் தாராளம், ஆனால் குடியிருக்க அனுமதியில்லை. 1971-இல் கலைஞர்களுக்கு மட்டும் விதி தளர்ந்தது. 1982-இல் ஆலை மாடிகளில் குடியிருப்போரைப் பாதுகாக்கும் லாஃப்ட் சட்டம் வந்தது. மேற்கு வங்கத்தில் அதற்கு வெகு முன்பே, 1951-இல், ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றக் கிளம்பிய மசோதா அது. காலனிக்காரர்கள் போராடிய போராட்டத்தில் ‘மறுவாழ்வு’ என்ற சொல்லும் அதன் தலைப்பில் ஏறியது. இரண்டு ஊரிலும் ஆட்கள் முதலில் வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. ஒற்றுமை அத்தோடு சரி. சாமான்களை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் இரண்டும் இரண்டு துருவம்.

சிற்பி டொனால்ட் ஜட் 1968-இல் ஸ்பிரிங் தெரு 101-ஆம் எண் கட்டடத்தை வாங்கினார். 1870-இல் கட்டிய, வார்ப்பிரும்பு முகப்புள்ள ஐந்து தளக் கட்டடம். தெருமுனையில் நிற்பதால் இரண்டு பக்கமும் வரிசையாக ஜன்னல்கள். ஒரு தளத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டார்: இரண்டாம் தளத்தில் சமையலும் சாப்பாடும், மூன்றாவதில் தொழிற்கூடம், ஐந்தாவதில் உறக்கம். அந்த ஐந்தாம் தளத்தில் தரையோடு தரையாக ஒரு தாழ்ந்த மரக் கட்டில், சுவரை விட்டு விலகி, வெட்டவெளியில் கிடக்கிறது. ஜன்னல் வரிசைக்கு எதிரே நண்பர் டான் ஃபிளாவினின் குழல்விளக்குச் சிற்பம் தளத்தின் நீளம் முழுக்க நிற்கிறது. மற்றபடி பெரும்பாலும் வெறும் இடம்தான். 2013-இலிருந்து பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஒரு குடும்பம் ஒரு தளம் முழுவதையும் தூங்குவதற்கென்று ஒதுக்க முடிந்ததால் வந்த அழகு அது.

ஜாதவ்பூர் காலனி அறையில் கட்டில்தான் வீடு. ‘தக்தபோஷ்’ என்பார்கள்: சாய்மானம் இல்லாத, செதுக்கு வேலை எதுவும் இல்லாத மரப்பலகைக் கட்டில். காலையில் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து படிப்பார்கள், சாயங்காலம் பெரியவர்கள் தேநீரோடு அரட்டை அடிப்பார்கள், இரவில் நான்கு பேர் குறுக்காகப் படுப்பார்கள். அதன் நான்கு கால்களுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தியிருப்பார்கள். மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் உள்ளே வந்தாலும் படுக்கை நனையாது என்பது ஒரு காரணம். கட்டிலுக்கு அடியில் இன்னொரு அறையே கிடைத்துவிடுகிறது என்பது பெரிய காரணம். போர்வை, கம்பளி வைத்த டிரங்குப் பெட்டி, பூஜைக்கு மட்டும் வெளியே வரும் பித்தளைப் பாத்திரங்கள், பெட்டியோடு ஹார்மோனியம், சாக்கில் பரப்பிய உருளைக்கிழங்கு எல்லாம் அங்கேதான். மேலே விரித்த படுக்கை விரிப்பின் ஓரம் தரைவரை தொங்கி அத்தனையையும் மறைத்துவிடும். விருந்தாளிக்கு எதுவும் தெரியாது. அவர் வீட்டிலும் அதே ஏற்பாடுதான் என்பதால் எல்லாம் தெரியும்.

ஜட்டிடம் ஒரு தளத்துக்கு ஒரு வேலை. இங்கே ஒரு கட்டிலுக்கு எல்லா வேலையும். அவர் கட்டிலைச் சுவரை விட்டு விலக்கிப் போட்டார். காலனிக்காரர் ஒரு மூலைக்குத் தள்ளி, தரையை மிச்சம் பிடித்தார். மிச்சமான தரையில் பாய் விரித்தால் சாப்பாட்டு அறை, சுருட்டினால் நடைபாதை. மேற்கு மேதினிப்பூர் மாவட்டத்து சபங் பகுதியில் கோரை போன்ற புல்லில் நெய்யும் ‘மாதுர்’ பாய்தான் அங்கே அதற்குப் பெயர்பெற்றது. நம் பத்தமடைப் பாயைத் தொட்டுப் பழகிய கைக்கு அது அந்நியமாக இருக்காது.

எனக்கு வியப்பாக இருப்பது இன்னொன்று. இரண்டு வீட்டிலும் சாமான் மாட்டச் சுவர் போதாது. ஜட்டுக்குத் தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் கண்ணாடி, காலனியில் பிளந்த மூங்கிலைப் பின்னிய தட்டி. கண்ணாடியிலும் தட்டியிலும் ஆணி அடித்து அலமாரி மாட்ட முடியாது. சாமான்கள் தம் காலில் தாமே நிற்க வேண்டும். துணி போடும் ‘ஆல்னா’வை அதனால்தான் வங்காளிகள் விடவில்லை. இரண்டு பக்கக் கம்பத்துக்கு நடுவே குறுக்குக் கட்டைகள், அவ்வளவுதான். புடவையும் வேட்டியும் மடித்துப் போட்டால் அது ஆளுயர மறைப்பு. துணியை எடுத்தால் காற்று தாராளமாகப் போகும். காசு கொடுத்து நாம் இன்று வாங்கும் தடுப்புத் திரைகளில் பாதி இந்த வேலையை இவ்வளவு நன்றாகச் செய்வதில்லை.

சமையலறை விஷயத்தில் காலனிக்காரர்கள் கறாராக இருந்தார்கள். வாழும் அறை ஒன்றேயானாலும் அடுப்பு முற்றத்துக்கு அந்தப் பக்கம் தனிக் குடிசையில்தான். கடுகெண்ணெயில் இலிஷ் மீன் பொரியும் வாசனை மெத்தைக்குள் புகுந்தால் எத்தனை நாள் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சோஹோவைப் பார்த்து நம் ஊர் ஃபிளாட்டுகளில் வந்திருக்கும் திறந்த சமையலறை, தாளிக்காதவர்களுக்கான ஏற்பாடு.

ஜாதவ்பூரிலும் ஆலைகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பெங்கால் லாம்ப் பல்பு ஆலை மூடிவிட்டது, அந்தப் பெயரில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. சுலேகா மை ஆலையின் பெயரில் ஒரு முனையே இருக்கிறது. பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உஷா தையல் இயந்திரங்களையும் மின்விசிறிகளையும் செய்த ஜே இன்ஜினியரிங் ஆலை இருந்த மனையில் சவுத் சிட்டியின் 35 மாடிக் கோபுரங்கள் நான்கு எழும்பின. பக்கத்து மால் 2008-இல் திறந்தது. ஆலைக் கூரைக்குக் கீழே யாரும் குடிவரவில்லை. ஆலையை இடித்துவிட்டு அங்கே கட்டிய ஃபிளாட்டுக்குள் சோஹோவின் படத்தை மாட்டுகிறார்கள்.

அந்த ஃபிளாட்டுகளிலும், சென்னையில் நாம் வாங்கும் ஃபிளாட்டுகளிலும், வரவேற்பறையும் சாப்பாட்டு அறையும் சேர்ந்த ஒரே நீளக் கூடம்தான் கிடைக்கிறது. அதற்கு ஜட்டிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஜன்னல் பக்கம் எதையும் நிறுத்தாதீர்கள். கொல்கத்தாவில் தென்காற்று வரும் தெற்குப் பார்த்த வீட்டுக்கு ஏன் விலை அதிகம் என்று அங்கே ஒரு கோடையைக் கழித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றதையெல்லாம் காலனியிடம் கற்கலாம். முதுகு உயர்ந்த சோபாவை நடுக்கூடத்தில் போட்டால் அது சுவராகிவிடும், காற்றும் பேச்சும் அதோடு நின்றுவிடும். சாய்மானமில்லாத திவான் போட்டால் இரண்டு பக்கமும் உட்காரலாம், அடியில் சாமான் வைக்கலாம், ஊரிலிருந்து ஆள் வந்தால் படுக்கவும் ஆகும். தடுப்பு வேண்டுமென்றால் இடுப்பளவுக்கு மேல் போகாத திறந்த அடுக்கு போதும். பீரோவை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். மழைக்கால ஈரத்தில் பூசணம் பூப்பது அந்த இடுக்கில்தான்.

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே சாமான் கடைக்கு ஓடாதீர்கள். ஒரு கட்டிலையும் இரண்டு பாயையும் போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலத்தைக் கழியுங்கள். காற்று எந்தப் பக்கம் வருகிறது, எந்தச் சுவர் வியர்க்கிறது, பிள்ளைகள் எந்த மூலையில் போய் உட்காருகிறார்கள் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். வாங்க நினைத்ததில் பாதி தேவைப்படாது.