ஆரவாரமா? ஆதரவா?

நடுவர் அவர்களே! தாம்பரத்திலே டீக்கடை டி.வி. முன்னாலே நின்று கைதட்டுகிற ரசிகன் நான். ஆரவாரம்தான் விளையாட்டை வளர்க்குதுன்னு எதிரணி நண்பர் சொன்னார். ஒன்று கேட்கிறேன்.

2006, தோஹா ஆசிய விளையாட்டு. புதுக்கோட்டைச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி, 800 மீட்டரில் வெள்ளி வென்றார். நானும் கைதட்டினேன். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். நம்ம கைதட்டல் எங்கேய்யா போச்சு?

2009-இல் தென்னாப்பிரிக்காவின் செமன்யாவுக்கும் சோதனை வந்தது. ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வரவேற்றார்கள். அந்தத் தங்கம் அவரிடமே இருக்கிறது.

உடம்பு ஒவ்வொருத்தருக்கும் ஒரு மாதிரி. ஓடின ஓட்டம் பொய்யாகுமா? சாந்தியோ, அரசு தந்த பரிசுப் பணத்தைப் போட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார்.

ஜெயிக்கும்போது தட்டின கை, விழும்போது தூக்கணும். அதுக்குப் பேர்தான் ஆதரவு!