ஒரு செருகியும் பல தேசங்களும்

வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெட்டி கட்டுபவர்கள் கடவுச்சீட்டு, மருந்து என்பவற்றுக்கு அடுத்ததாக நினைவிற் கொள்ளவேண்டிய பொருள் அடப்டர் எனப்படும் சிறு மின்பொருத்தி. பத்திரிகைப் பணியின் நிமித்தம் பயணஞ் செய்த நாடுகளிலெல்லாம் விமான நிலையக் கடைகளில் அது தொங்குவதைக் கண்டிருக்கிறேன். உலகம் ஒரு கிராமமாகிவிட்டது என்கிறோம். ஆனால் அந்தக் கிராமத்தின் சுவர்களில் உள்ள துவாரங்கள் வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றனவே, ஏன்?

ஆரம்பத்தில் மின்சாரம் வீடுகளுக்குள் வந்தது விளக்குக்காக மட்டுமே. ஏனைய கருவிகள் பின்னரே வந்தன. கழற்றிப் பூட்டக்கூடிய செருகிக்கு அமெரிக்காவில் ஹார்வி ஹபல் 1904 இல் காப்புரிமை பெற்றார். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழு 1906 இல் லண்டனில் உருவானது. எனினும் ஒவ்வொரு நாடும் தன் வழியே போய்விட்டது. அமெரிக்கா 120 வோல்ட்டை அண்டியும், ஐரோப்பா 220 வோல்ட்டை அண்டியும் நிலைத்தன. யப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே கிழக்கில் 50 ஹேர்ட்ஸ், மேற்கில் 60 ஹேர்ட்ஸ். முதலில் வாங்கிய மின்பிறப்பாக்கிகளுள் கிழக்கினது ஜேர்மனியிலிருந்தும் மேற்கினது அமெரிக்காவிலிருந்தும் வந்தமையே இதற்குக் காரணம்.

பிரித்தானியாவின் கதை சுவையானது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னிணைப்பை ஆராய இருபது பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹஸ்லெற். செம்பை மிச்சப்படுத்துவதற்காக வளையச் சுற்று முறை புகுத்தப்பட்டது. அதற்கேற்பச் செருகிக்குள்ளேயே உருகி வைக்கப்பட்டது. குழந்தைகள் துவாரத்தினுள் எதையும் நுழைத்துவிடாதவாறு உள்ளே மூடிகள் அமைந்தன. நீளமான புவித்தொடுப்பு முனை நுழைந்தால்தான் அவை திறக்கும். 1947 இல் வெளியான அந்தத் தரமே நாம் அறிந்த 13 அம்பியர் சதுரமுனைச் செருகி.

குடியேற்ற ஆட்சியின் வழியாக வந்த 5, 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகள் இலங்கையின் பழைய வீடுகளில் நெடுங்காலம் இருந்தன. பின்னர் சதுரமுனையும் சேர்ந்துகொண்டது. ஐரோப்பாவிலிருந்து வந்த இருமுனைச் செருகியை நுழைப்பதற்காக, மேல் துவாரத்தில் பேனா மூடியையோ குச்சியையோ விட்டு மூடியைத் திறக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. குழந்தைகளைக் காக்கவென்று அமைத்த பாதுகாப்பை நாமே உடைக்கிறோம். செருகியில் உருகியும் இராது, பிடிப்பும் சரியாக இராது. இது வெறும் வசதிக் குறைவு அன்று, உயிராபத்து என்பதை மனங்கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்தோர் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. அடப்டர் முனையின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. ரொறன்ரோவில் வாங்கிய 120 வோல்ட் தலைமுடி உலர்த்தியை யாழ்ப்பாணத்தின் 230 வோல்ட்டில் மாட்டினால், அது ஏறத்தாழ மூன்றரை மடங்கு வலுவை இழுத்து எரிந்துபோகும். கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி ஆகியவற்றின் மின்னேற்றிகளோ பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. மின்னேற்றியின் முதுகில் உள்ள சிறு எழுத்தை வாசிக்கும் பழக்கம் ஒன்றே போதும், பாதி விபத்துகள் தவிரும்.

உலகுக்கு ஒரே செருகி என்னும் கனவு 1986 இல் ஒரு சர்வதேசத் தரமாக வெளியானது. அதைத் தழுவிய நாடுகளுள் பிரேசிலும் தென்னாபிரிக்காவும் குறிப்பிடத்தக்கவை. ஏனையவை அசையவில்லை. கோடிக்கணக்கான சுவர்களை உடைக்க யார் செலவு செய்வது? சுவரில் தோற்ற ஒற்றுமை, இறுதியில் கம்பியின் மறுமுனையில் வென்றது. 2014 இல் வெளியான யூ.எஸ்.பி. சி வகை இணைப்பை, 2024 டிசம்பர் 28 முதல் புதிய கைத்தொலைபேசிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியது.

ஆகவே அடுத்த பயணத்தில் நல்ல தரமான அடப்டர் ஒன்றும், சி வகைக் கம்பி ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். மேலதிக மின்கலத்தை, அதாவது பவர் பாங்கை, கைப்பையிலேயே வைத்திருங்கள். லிதியம் மின்கலம் தீப்பற்றினால் பயணிகள் அறையில் அணைக்கலாம், சரக்கறையில் அது எவர் கண்ணிலும் படாது. 100 வற்-மணிக்கு மேற்பட்டதாயின் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. பேனா மூடியை மட்டும் பேனாவிலேயே விட்டுவிடுங்கள்.