தாய் என்பவள் 'தா'விலிருந்து வந்தவள் அல்லள்

பட்டிமன்ற மேடையில் தாயைப் பற்றிப் பேச எழுந்தவர், 'தா என்று கேட்டதும் தருபவள் தாய்' என்று தொடங்காமல் விடுவதில்லை. கைதட்டல் அடங்குமுன் 'அம்மா'வுக்குத் தாவுவார்: அ உயிர், ம் மெய், மா உயிர்மெய். அடுத்து 'மம்மி'யைப் பிடித்து, அது எகிப்தியப் பிணத்தின் பெயர் என்று முடிப்பார். தமிழின் பெயராலேயே சொல்லப்படுவதால் இவற்றை மறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. மூன்றுமே பிழை.

மம்மியை ஒரு வரியில் முடித்துவிடலாம். பிணத்தைக் குறிக்கும் மம்மி, மெழுகைக் குறிக்கும் 'மூம்' என்ற பாரசீகச் சொல்வழி வந்தது. தாயைக் குறிக்கும் மம்மி ஆங்கிலக் குழந்தைகளின் மழலை. உயிர், மெய், உயிர்மெய் விளக்கத்துக்கு அப்பா, அக்கா, அண்ணா என்ற மூன்று சொற்களே போதும். அவற்றிலும் அதே வரிசைதான் இருக்கிறது. அக்காவுக்கும் அண்ணாவுக்கும் இல்லாத தத்துவம் அம்மாவுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

எஞ்சியது தாய். இதற்குச் சான்று எல்லோரும் அறிந்த குறுந்தொகை 40ஆம் பாட்டிலேயே இருக்கிறது. செம்புலப்பெயனீரார் அங்கே யாய், ஞாய் என்ற இரண்டையும் அருகருகே வைக்கிறார். யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். மூன்றாவதாக, அவன் தாய் அல்லது அவள் தாய் என்பதற்குரிய சொல்தான் தாய். மூன்றிலும் மாறாமல் நிற்பது 'ஆய்'. முன்னே ஒட்டியிருப்பது தன்மை, முன்னிலை, படர்க்கை இடப்பெயர்களின் தேய்வு. தன் + ஆய் என்பதே தாய்.

இது ஒற்றைச் சொல்லின் கதையாக இருந்தால் ஐயப்படலாம். எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, உம்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. எம்முன், நும்முன், தம்முன் என்று உறவுப்பெயர்கள் முழுவதும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. தொல்காப்பியர் மொழிமரபில் முறைப்பெயரின் முதலில் வரும் குற்றியலுகரம் என்று சொல்வது நுந்தையைத்தான் என்பது உரையாசிரியர்கள் கொள்கை. கம்பர் காலத்திலும் எம்பியும் உம்பியும் உயிரோடு இருந்தன. பிற்காலத்தில் முன்னிரண்டும் வழக்கொழிய, படர்க்கை வடிவமே எல்லா இடத்துக்கும் பொதுவாயிற்று. 'தா'விலிருந்து தாய் வந்தது என்பவர்கள் யாயும் ஞாயும் எந்த வினையிலிருந்து வந்தன என்று சொல்லட்டும். தம்பியும் தங்கையும் தருபவர்கள்தானா என்பதையும் சொல்லட்டும்.

அந்த அச்சு இன்னும் உடையவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளையிடம் 'கொம்மா எங்கை?' (உன் அம்மா எங்கே?) என்று கேட்பார்கள். அம்மா மட்டுமல்ல, கொப்பர், கொண்ணை, கொக்கா என்று உறவுமுறை முழுதும் அப்படியே வரும். உங்க + அம்மா கொம்மா ஆயிற்று. உங்க + அப்பர் கொப்பர் ஆயிற்று. முன்னிலைப் பெயர் தேய்ந்து ஒற்றைக் ககரமாக உறவுப்பெயரில் ஒட்டிக்கொண்டது. ஞாயில் நடந்தது இதுதான். தென்தமிழ்நாட்டின் 'கொப்பன்' இதே பிறப்பு. 'உங்காத்தா' இப்படிச் சுருங்கிய வடிவம் சென்னைத் தெருக்களில் வசையாகிவிட்டது. அதன் இலக்கணம் பழையது, பழி அதைச் சொல்லும் வாயைத்தான் சேரும். தன்மையிலும் இப்படிப் பன்மைப் பெயரே ஒட்டுகிறது: உடன்பிறந்தார் இல்லாத பிள்ளையும் 'எங்கம்மா' என்றே சொல்கிறது. 'என் அம்மா' என்பது எழுத்தில்தான் மிகுதி.

இனி அந்த 'ஆய்' எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டும். அது எங்கும் போகவில்லை. தஞ்சை, திருச்சி வட்டாரங்களில் ஆயி, கொங்கிலும் மதுரைப் பக்கத்திலும் செட்டிநாட்டிலும் ஆத்தா, பழைய யாழ்ப்பாணத்தில் ஆச்சி, வடதமிழகத்தில் ஆயா. ஆத்தாளை 'அகத்தாள்' என்று பிரிப்பதும், ஆச்சியைச் சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஆடும் இடைச்சியாக்குவதும் சொற்களைத் தனித்தனியே பிடுங்கிப் பார்ப்பதால் வரும் வினை. இவை ஒரே குடும்பம். அதற்கான சாட்சி பாட்டிகளின் பெயர்களில் இருக்கிறது.

அப்பாவின் தாய் ஓரூரில் அப்பாயி, ஓரூரில் அப்பாச்சி, ஓரூரில் அப்பத்தா. அம்மாவின் தாய் அம்மாயி, அம்மாச்சி, அம்மத்தா. ஆயி, ஆச்சி, ஆத்தா மூன்றும் ஒரே இடத்தில் மாறிமாறி வந்து ஒரே பொருளைத் தருகின்றன. அப்பாவின் ஆயி அப்பாயி என்றால், அந்த ஆயிக்குத் தாய் என்பதைத் தவிர வேறு பொருள் இருக்க முடியாது. திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் மணமான பெண்களுக்கெல்லாம் மரியாதைப் பெயர். பள்ளத்தூரில் வளர்ந்த நடிகை மனோரமா தமிழ்நாடு முழுவதற்கும் ஆச்சியானது அந்த வழக்கால்தான்.

தாயைக் குறித்த சொல் பாட்டிக்கு ஏறியது எப்படி? வீட்டில் அப்பா தன் தாயை 'ஆத்தா' என்று கூப்பிடுகிறார். கேட்டு வளரும் குழந்தையும் அவளை அப்படியே கூப்பிடுகிறது; தன் தாய்க்கு 'அம்மா' என்ற சொல்லைப் பழகிக்கொள்கிறது. ஒரு தலைமுறையில் சொல் ஒரு படி மேலேறிவிடும். அண்டை மொழிகளிலும் இந்த ஏற்றம் தெரிகிறது: வடகன்னடத்தில் அவ்வ என்றால் தாய், தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. தமிழில் ஔவை மூதாட்டி. செட்டிநாட்டில் அப்பச்சி தந்தை, கொங்கில் அப்புச்சி தாயின் தந்தை. பள்ளிக்கூடத்து ஆயாவின் கதை வேறு: அவளைப் போர்ச்சுக்கீசிய 'ஆயா' என்ற செவிலிப் பெயரும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறது.

அம்மாவுக்கு வருவோம். சங்கப் பாட்டின் 'அம்ம'வைத் தாயாகக் கொள்வது பிழை. அது 'கேள்' என்று கவனத்தை இழுக்கும் இடைச்சொல். ஐங்குறுநூற்றில் 'அம்ம வாழிப் பத்து' தோழியை விளிக்கும் பத்து. தாயை விளிக்கும் பத்துக்கு 'அன்னாய் வாழிப் பத்து' என்றே பெயர். தாயைக் குறிக்கும் பெயர்ச்சொல் அம்மை. ஐகாரத்தில் முடியும் முறைப்பெயர் ஆகாரம் ஏற்றும் விளியாகும் என்பது தொல்காப்பிய விளிமரபு. ஆகவே அம்மா என்பது அம்மையைக் கூப்பிடும் வடிவம். கூப்பிட்ட வடிவமே பெயராக நிலைத்துவிட்டது. பெரியபுராணத்தில் சீகாழிக் குளக்கரையில் அழும் சம்பந்தக் குழந்தை 'அம்மே' என்று கூப்பிடுகிறது. மலையாளத்தில் இன்றும் அதுவே விளி. கன்னியாகுமரி மாவட்டத்தில் 'எங்க அம்மை' என்று பேசுபவர் கொச்சையாகப் பேசவில்லை, எழுவாயை எழுவாயாகச் சொல்கிறார்.

மதத்தைக் காட்டி மொழியைப் பிரிப்பதும் இங்கே செல்லாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் உம்மா அரபுத் தொடர்புடையது. உள்நாட்டு ராவுத்தர் வீடுகளில் அம்மாதான், தந்தை அத்தா. அந்த அத்தாவைத் துருக்கியின் 'அதா'வோடு முடிச்சுப் போடுகிறவர்கள், சுந்தரர் திருவெண்ணெய்நல்லூரில் பாடிய முதல் பதிகத்தில் சிவனை 'அத்தா' என்று விளித்ததைப் பார்க்க வேண்டும். அத்தன் தமிழ்ச் சொல்.

உலகமெங்கும் தாய்க்கு மகரம் வருவதால் எல்லா மொழியும் தமிழிலிருந்து கடன் பெற்றது என்ற வாதமும் உண்டு. பால் குடிக்கும் வாயிலிருந்து முதலில் எழுவது மூக்கொலி என்று மொழியியலாளர் ரோமான் யாக்கப்சன் 1960இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கிவிட்டார். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, 'தேதா' என்றால் தாய். மழலையைக் கொண்டு மொழிக் குடும்பம் நாட்ட முடியாது. யாய், ஞாய், தாய் போல இலக்கண அச்சில் விழுந்த சொற்களே சான்றாகும்.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களையும், பெருமாள்முருகன் 2000இல் கொங்குச் சொற்களையும் அகராதியாக்கினார்கள். மற்ற வட்டாரங்களுக்கும் அந்த வேலை ஊர் ஊராக, சாதி சாதியாக நடக்க வேண்டும். ஆத்தா, ஆயி, ஆச்சி ஆகியவற்றைப் பாடநூல்கள் கொச்சை என்று ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். தாய் என்ற எழுத்துச் சொல்லுக்கு அடியான 'ஆய்'தான் அவற்றிலும் இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் தங்கள் வீட்டில் தாயையும், அப்பாவின் தாயையும், அம்மாவின் தாயையும் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று ஊர்ப்பெயரோடு எழுதி வைக்கட்டும். அப்பத்தாக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது.