கழுநீர்த் தொட்டியில் மீன்

லத்தீன் மொழியில் 'அக்வேரியம்' என்ற சொல்லுக்கு, மாடு தண்ணீர் குடிக்கும் இடம் என்று பொருள். கண்ணாடிப் பெட்டி, வர்ண விளக்கு, அதற்குள் பட்டுப் புடவை உடுத்தினாற்போல் ஒய்யாரமாகத் திரியும் தங்கமீன் - இவ்வளவு ஆடம்பரத்துக்கும் போயும் போயும் மாட்டுத் தொட்டியின் பெயரையா வைத்தார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தப் பெயரைப் பிரபலப்படுத்தியவர் பிலிப் ஹென்றி காஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி. 1854-ல் தாம் எழுதிய புத்தகத்துக்கே அவர் அந்தப் பெயரைச் சூட்டினார். அது உலகமெங்கும் பரவிற்று. மாடு மறந்துபோயிற்று, மீன் நிலைத்துவிட்டது.

செங்கற்பட்டுச் சீமையின் பழைய வீடுகளில் இந்தச் சரித்திரம் மறுபடியும் ஒரு தடவை நடந்திருக்கிறது. கொல்லையில் கிணறு, அதன் அருகே துவைக்கிற கல், மாட்டுக்கொட்டிலை ஒட்டி, ஒரே கருங்கல்லில் குடைந்த கழுநீர்த் தொட்டி. அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் அதில் சேரும், பசு குடிக்கும். பசு வைத்துக் காப்பாற்றுவது நாளடைவில் சிரமமாயிற்று. 1958-ல் பால் வளத்துக்கென்று அரசாங்கத்தில் தனி இலாகா ஏற்பட்டது. 1981-ல் கூட்டுறவு இணையம் வந்தது. பால் பையில் அடைபட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது. பசு போயிற்று. தொட்டி போகவில்லை. நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத கல்லை யார் தூக்குவது? ஐப்பசி மழையில் அது நிரம்பியது. நின்ற தண்ணீரில் கொசு முட்டையிட்டது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள சம்பந்தத்தை ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகு, கொல்லையில் தேங்கிய நீரை யாரும் அலட்சியமாகப் பார்ப்பதற்கில்லை. ஆகவே, யாரோ ஒரு புத்திசாலி அதில் நாலு மீனை விட்டார்.

வேறு எதற்கோ செய்த பாத்திரத்தில் மீன் குடியேறுவது மனிதர்களின் பழைய வழக்கந்தான். சீனர்கள் சோங் வம்சத்தார் காலத்தில் தங்கமீனைக் குளங்களில் வளர்த்தார்கள். மிங் வம்சத்தார் காலத்தில் மண் சாடிகளில் விட்டு வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சாடிக்குள் மீனைப் பக்கவாட்டில் பார்க்க முடியாது. மேலிருந்துதான் பார்க்க வேண்டும். முதுகும் வாலும் அழகாகத் தெரியும்படியே அவர்கள் மீன்களைத் தேர்ந்து பெருக்கினார்கள். மேற்கே மீன் பக்கவாட்டுக்குத் திரும்பியது கண்ணாடியின் உபயம். இங்கிலாந்தில் கண்ணாடி வரியை 1845-ல் எடுத்தார்கள், கண்ணாடி மலிந்தது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், இரண்டு தங்கமீன், ஒரு நீர்ச்செடி, சில நத்தைகள் ஆகியவற்றை ஒன்றாக விட்டு, நீரை மாற்றாமலே அவை பிழைக்கின்றன என்று காட்டினார். செடி பிராணவாயுவைத் தருகிறது. மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. அழுகும் இலையை நத்தை தின்றுவிடுகிறது. கழுநீரை வீணாக்காத நம் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கியிருக்கும். 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனி மண்டபமே திறந்துவிட்டார்கள்.

அந்த மோகம் சென்னைக்கும் வந்தது. 1909-ல் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதன்மையானவற்றுள் ஒன்று என்று பெயர் பெற்ற அதைப் பார்க்க ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1942-ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் அதை மூடினார்கள். யுத்தம் முடிந்தது; காட்சிசாலை மறுபடி திறக்கவில்லை. சர்க்கார் கட்டிய மாளிகை முப்பத்து மூன்று வருஷத்தில் முடிந்துவிட்டது. கொல்லைப்புறத்துக் கல்தொட்டி இன்னும் இருக்கிறது.

கல்லைக் குடைந்து நீரை நிறுத்துவது இந்தப் பக்கத்தாருக்குப் புதிதும் அன்று. மாமல்லபுரத்துப் பாறை ஒன்றில் வட்டமாகக் குடைந்த ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. கோபிகள் தயிர் கடைந்த தாழி என்று அதைக் காட்டுவார்கள். ஒரு பொருளின் உபயோகம் மறந்துபோனால் கதை ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும் போலும்! தபசுக் காட்சி செதுக்கிய பெரும்பாறையின் உச்சியிலும் ஒரு தொட்டி இருந்து, அதிலிருந்து நடுப்பிளவில் நாகர்களின் மேல் நீர் வழிந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். சற்றுத் தள்ளிக் கிருஷ்ண மண்டபத்தில், கன்றை நக்கிக்கொண்டே பால் கொடுக்கும் பசு. அந்தப் பசுவுக்கு மட்டும் பால் பையினால் ஆபத்தில்லை.

கழுநீர்த் தொட்டியில் மீன் விட விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாய் அகன்ற தொட்டிதான் மீனுக்கு நல்லது. காற்று நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் கரைகிறது. பழைய கல் உத்தமம். புதிதாகப் பூசிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து மீனைக் கொன்றுவிடும். சில வாரங்கள் நீர் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும். செப்பு அண்டா பரண்மேல் சும்மா கிடக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது. செம்பு மீனுக்கு விஷம். குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வைத்திருந்து, குளோரின் போன பிறகே மீனை விட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவுவது கூடாது. சித்திரை வெயிலில் கல் கொதிக்கும். பாதித் தொட்டிக்காவது ஓலை நிழல் வேண்டும். மீன்கொத்திக்கும் பூனைக்கும் ஒரு வலை போதும்.

எந்த மீனை விடுவது என்பதுதான் பெரிய கேள்வி. கொசுவை ஒழிப்பதற்காக 1928-ல் இத்தாலியிலிருந்து காம்பூசியா என்ற மீனைத் தருவித்துக் கிணறுகளிலும் குட்டைகளிலும் விட்டார்கள். கொசுப் புழுவைத் தின்றது வாஸ்தவம். ஆனால் அது மற்ற மீன்களின் குஞ்சையும் முட்டையையும் விட்டுவைக்கவில்லை. உலகில் மிகுந்த கேடு விளைவித்த அந்நிய உயிர்களின் பட்டியலில் இன்று அதுவும் ஒன்று. கண்ணாடித் தொட்டியின் பாசியை நக்கித் துப்புரவு செய்வதற்கென்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த முள்ளுடம்பு மீன், பெரிதானதும் ஏரியில் கொட்டப்பட்டு, இப்போது வலையைக் கிழித்துக்கொண்டு செம்படவர் வயிற்றில் அடிக்கிறது. இவ்வளவுக்கும் நம் வயல் வாய்க்காலிலேயே தலையில் வெள்ளிப் பொட்டு வைத்த சின்னஞ்சிறு மீன் ஒன்று நீர்மட்டத்தில் திரிகிறது. கொசுப் புழுதான் அதற்குப் பரம இஷ்டம். அது விலைக்கு வரவில்லை. ஆகவே அதற்கு மதிப்பும் வரவில்லை.

வீட்டுத் தொட்டி வீட்டோடு நிற்குமென்று நினைத்தால் தவறு. செங்கற்பட்டு ஏரிகளின் சீமை. அடைமழையில் தொட்டி வழிகிறது. வழிந்தது கால்வாய்க்கு ஓடுகிறது. கால்வாய் ஏரியில் விழுகிறது. இன்றைக்குக் குழந்தை ஆசையாகப் பெயரிட்டு அழைக்கும் மீன், அடுத்த கார்த்திகையில் கொளவாய் ஏரியில் நீந்தலாம். அங்கே அது யாருக்கும் கெடுதல் செய்யாது என்று தெரிந்த மீனாகப் பார்த்துத் தொட்டியில் விடுங்கள்.