என்பாக்கும் பரம்பரையலகு கண்ட வரலாறு

உடலுறுப்புக்களுள் என்பே மாற்றமின்றி நிலைப்பது என்று கருதுவார் உளர். உண்மை அதற்கு மாறானது. என்பை ஆக்குங் கலங்களும் அதனைக் கரைக்குங் கலங்களும் வாழ்நாள் முழுவதும் ஓயாது தொழிற்படுகின்றன. உடலின் கலங்கள் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டிருக்கவும், ஒன்று தசையாகவும் மற்றொன்று என்பை ஆக்குவதாகவும் வேறுபடுவது எங்ஙனம்? பரம்பரையலகுகளைத் தொழிற்படுத்தவும் அடக்கவும் வல்ல கட்டுப்பாடு உண்டென்பதைப் பற்றீரியாவிலே யாக்கோப், மொனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1961 இல் விளக்கினர். என்பைப் பொறுத்தவரை அவ்விளக்கம் 1997 இலேயே வாய்த்தது.

அதனை வாய்க்கச் செய்தவர் யாரெனின், ஒருவர் பெயரைக் கூறி அமைதல் எளிது; ஆயின் வரலாறு அதற்கு இடந்தரவில்லை.

நேர்வழியிற் சென்றவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஆராய்ந்த ஜெராட் கார்செந்தி என்பவர். என்பாக்குங் கலங்களுக்கே பெரிதும் உரியது ஒஸ்தியோகல்சின் என்னும் புரதம். அதன் பரம்பரையலகை அக்கலங்களில் மட்டும் தொழிற்படுத்துவது எதுவோ, அதுவே கலத்தின் இயல்பையும் வகுப்பதாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவரும் பற்றீசியா டூசியும் அப்பரம்பரையலகின் அருகே ஒரு புரதம் வந்து பொருந்தும் சிறு பகுதியை 1995 இற் காட்டினர். பின்னர் அப்புரதத்தையும் இனங்கண்டனர்.

ஏனையோரோ என்பைத் தேடியவரல்லர். பழ ஈயின் முளையத்தைத் துண்டங்களாக வகுக்கும் 'ரண்ட்' என்னும் பரம்பரையலகை ஆராய்ந்தோர் 1980 இலேயே அறிந்திருந்தனர். அதனோடு உறவுடைய புரதமொன்றை, வைரசுகளை ஆராய்ந்த கியோத்தோ அறிஞர் 1993 இல் விவரித்தனர். அது குருதியின் ரீ-கலங்களுக்கு உரியதென்றே எண்ணப்பட்டது. அவ்வெண்ணத்தோடுதான் ஒசாக்காவிலே கொமோரியும் கிஷிமொத்தோவும் அப்பரம்பரையலகு அற்ற சுண்டெலிகளைத் தோற்றுவித்தனர். பிறந்த குட்டிகள் மூச்சுவிட இயலாது உடனே இறந்தன. அவற்றின் உடலைச் சோதித்தபோது என்புக்கூடு முழுவதும் கசியிழையமாகவே நிற்பதையும், ஆக்கப்பட்ட என்பு யாண்டும் இல்லாமையையும் கண்டனர். இலண்டனிலே ரீ-கலங்களை ஆராய்ந்த ஓவன் குழுவினரும் இதே முடிபைக் கண்டனர். எதிர்பார்த்தது ஒன்று; கிடைத்தது அதனினும் பெரிது.

இரு பிரதிகளுள் ஒன்றை மட்டும் இழந்த சுண்டெலிகள் உயிர் வாழ்ந்தன. அவற்றின் காரையென்புகள் குறைவுற்றிருந்தன. மண்டையோடு காலத்தே மூடவில்லை. இவ்வடையாளங்கள் மருத்துவருக்குப் புதியன அல்ல. பரிசிலே பியர் மரியும் போல் செந்தனும் இத்தகைய பரம்பரை நோயை 1898 இலேயே பெயரிட்டு விவரித்திருந்தனர். அந்நோயாளர் தம் தோள்களை மார்பின் முன்னே ஒன்றையொன்று தொடுமாறு கொணர வல்லவர். அவர்களிடத்தும் 6 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அதே பரம்பரையலகு பழுதுற்றிருத்தலை முண்ட்லோஸ் முதலியோர் நிறுவினர். இந்நால்வகை ஆய்வும் 1997 மே மாதம் 'செல்' என்னும் ஆய்விதழின் ஒரே இலக்கத்தில் வெளிவந்தன.

நெறிகள் பல ஆனமையாற் பெயர்களும் பலவாயின. வைரசு ஆய்வாளர் இட்ட பெயர் ஒன்று, வெண்குருதி நோய் ஆய்வாளர் இட்டது வேறொன்று, என்பு ஆய்வாளர் இட்டது பிறிதொன்று. பழைய கட்டுரைகளைப் பயில்வோர் இதனால் இடர்ப்படுவர். ரண்ட் என்னும் ஈயின் பெயரே ஈற்றில் நிலைபெற்று, 'ரன்எக்ஸ்-2' என வழங்கலாயிற்று.

அப்புரதம் தனித்து என்பை ஆக்குவதன்று. ஒஸ்தெரிக்ஸ் என்னும் மற்றொரு புரதத்தை ஹூஸ்டனிலே டி குரோம்புரூக் குழுவினர் 2002 இல் வெளியிட்டனர். அஃதில்லாத சுண்டெலிகளில் ரன்எக்ஸ்-2 இருந்தும் என்பு உண்டாகவில்லை; ரன்எக்ஸ்-2 இல்லாதவற்றிலோ ஒஸ்தெரிக்ஸும் காணப்படவில்லை.